ரொமானோவ் வம்ச வரலாறு – 12: கிரேக்கத்தின் ரஷ்ய அரசி ஓல்கா

பாவ்லொவ்ஸ்கில் பிறப்பு

கிரேக்க நாட்டை 1863 முதல் 1913 வரை ஆண்ட முதலாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி ஓல்கா கான்ஸ்தந்தீனோவ்னா, ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலாஸின் பேத்தி. 1851 செப்டம்பர் 3 அன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே உள்ள பாவ்லொவ்ஸ்க் அரண்மனையில் பிறந்தார். பேரரசி இரண்டாம் கேத்தரின் தன் மகன் பாவெலுக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்த அரண்மனை அது. 1849-இல் ஓல்காவின் தந்தை கிராண்ட் டியூக் கான்ஸ்தந்தீன் நிக்கலாயெவிச்சின் கைக்கு வந்தது.

கான்ஸ்தந்தீன், முதலாம் நிக்கலாஸின் இரண்டாவது மகன். அண்ணன் இரண்டாம் அலெக்சாண்டர் அரியணை ஏறியபோது அவருக்கு வலது கையாக இருந்தவர். கிரிமியப் போரில் தோற்ற கடற்படையைச் சீரமைத்ததும், 1861-இல் பண்ணையடிமை முறையை ஒழித்த சட்டத்தைப் பிரபுக்களின் எதிர்ப்பை மீறி முன்னெடுத்ததும் இவருடைய முக்கியப் பணிகள். தாய் அலெக்சாந்திரா யோசிஃபோவ்னா, ஜெர்மனியின் சாக்ஸ்-ஆல்ட்டன்பர்க் இளவரசி. தம்பதிக்கு ஆறு பிள்ளைகள். நிக்கலாஸ் மூத்தவர், ஓல்கா இரண்டாமவர். அவருக்குப் பின் வேரா, கான்ஸ்தந்தீன், திமித்ரி, வியாச்செஸ்லாவ் பிறந்தனர்.

1862-இல் போலந்தின் அரசப் பிரதிநிதியாகத் தந்தை நியமிக்கப்பட்டார். குடும்பமும் வார்சா சென்றது. வந்து சேர்ந்த மறுநாளே, நாடக அரங்கின் வாசலில் ஒரு தையல்காரப் பயிற்சியாளன் கான்ஸ்தந்தீனைச் சுட்டான். தோளில் காயத்தோடு அவர் தப்பினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் போலந்து முழுவதும் கிளர்ச்சி வெடித்தது. சில மாதங்களில் கான்ஸ்தந்தீன் பதவியிலிருந்து விலகினார். அரச குடும்பத்தவர் துப்பாக்கிக்கு இலக்காவதைப் பதினொரு வயதுக்குள்ளேயே ஓல்கா கண்டுவிட்டார்.

பதினாறு வயதில் அரசி

கிரேக்கர்கள் 1862-இல் தங்கள் முதல் மன்னர் ஒட்டோவை நாட்டைவிட்டு அனுப்பினர். அடுத்த ஆண்டு கிரேக்கத் தேசியப் பேரவை, டென்மார்க்கின் பதினேழு வயது இளவரசர் வில்லியமைத் தேர்ந்தெடுத்தது. அவரே ‘ஜார்ஜ்’ என்ற பெயரில் மன்னரானார். அவருடைய அக்கா அலெக்சாந்திரா இங்கிலாந்தின் பட்டத்து இளவரசரை மணந்திருந்தார். தங்கை தாக்மார், மரியா ஃபியோதரோவ்னா என்ற பெயருடன் 1866-இல் ரஷ்யப் பட்டத்து இளவரசரை மணந்தார். அந்த இளவரசர்தான் பின்னாளில் மூன்றாம் அலெக்சாண்டர்.

1863-இல் ரஷ்யா சென்றிருந்த ஜார்ஜ் சிறுமி ஓல்காவை முதன்முறை பார்த்தார். 1867-இல் தங்கையைக் காண மீண்டும் சென்றபோது பெண் பார்க்கும் எண்ணமும் இருந்தது. அதற்கு அரசியல் காரணங்களும் இருந்தன. மன்னர் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஆனால் 1864-இன் அரசியல் சட்டப்படி அரியணை வாரிசு ஆர்த்தடாக்ஸ் சமயத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆர்த்தடாக்ஸ் சமயத்தில் பிறந்த அரசி வந்தால் மக்களின் மனக்குறை தீரும். அதே வேளையில் கிரீட் தீவு துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்திருந்தது. அந்தப் போராட்டத்துக்கு ரஷ்யாவின் ஆதரவு ஏதென்சுக்குத் தேவைப்பட்டது.

1867 அக்டோபர் 27 அன்று பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்கால அரண்மனைத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகளுக்குப் பதினாறு வயது, மணமகனுக்கு இருபத்தொன்று. பொம்மைகளும் அடங்கிய சீர்வரிசையோடு ஏதென்ஸ் வந்த ஓல்கா, கிரேக்கக் கொடியின் நீலமும் வெள்ளையும் கொண்ட உடையில் மக்கள் முன் தோன்றினார். தெருக்களில் வரவேற்பு ஆரவாரம். அரண்மனைக்குள்ளோ புது அரசிக்கு வீட்டு நினைவு. தொடக்க நாட்களில் ஒருமுறை அவரைக் காணாமல் தேடியபோது, மாடிப்படிக்கு அடியில் அழுதுகொண்டிருந்தார் என்று அவரைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன.

ஏதென்ஸ் அரண்மனை

ஓராண்டுக்குள் ஓல்கா கிரேக்க மொழியைக் கற்றுக்கொண்டார். 1868 ஆகஸ்டில் தலைமகன் பிறந்து ‘கான்ஸ்தந்தீன்’ என்று பெயரிடப்பட்டபோது கிரேக்கர்கள் கொண்டாடினர். அது ஓல்காவின் தந்தை பெயர் மட்டும் அல்ல. கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட கடைசி பைசாந்தியப் பேரரசரின் பெயரும் அதுவே. இழந்த தலைநகரை மீட்கும் கனவு அந்நாளில் கிரேக்க அரசியலின் மையத்தில் இருந்தது.

கான்ஸ்தந்தீனுக்குப் பின் ஜார்ஜ் (1869), அலெக்சாந்திரா (1870), நிக்கலாஸ் (1872), மரியா (1876), ஓல்கா (1880), ஆண்ட்ரூ (1882), கிறிஸ்டோபர் (1888) பிறந்தனர். இவர்களில் சிறுமி ஓல்கா பிறந்து சில மாதங்களிலேயே இறந்தாள். கடைக்குட்டி கிறிஸ்டோபர் பிறந்தது தாயின் சொந்த ஊரான பாவ்லொவ்ஸ்கில். மன்னரும் அரசியும் தங்களுக்குள் ஜெர்மன் பேசினர். பெற்றோரும் பிள்ளைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசினர். பிள்ளைகள் தங்களுக்குள் பேசியது கிரேக்கம்.

ஒட்டோ காலத்து அரண்மனையில் அவர்கள் வாழ்ந்தனர். இன்று கிரேக்க நாடாளுமன்றம் இயங்குவது அந்தக் கட்டடத்தில்தான். 1872-இல் ஏதென்சுக்கு வடக்கே தாத்தோய் பண்ணையை மன்னர் விலைக்கு வாங்கினார். காடும் வயலும் சூழ்ந்த அந்த இடம் குடும்பத்தின் கோடைக்கால வீடாகவும், பின்னர் இடுகாடாகவும் ஆயிற்று.

கடற்படைத் தலைவரின் மகளான ஓல்காவுக்குக் கப்பல்கள் மீதும் மாலுமிகள் மீதும் தனிப் பற்று இருந்தது. பிரேயஸ் துறைமுகத்துக்கு ரஷ்யப் போர்க்கப்பல் வந்தால் அவர் அங்கே போய்விடுவார். மாலுமிகளை அரண்மனைக்கும் அழைத்து உபசரிப்பார். தாய்நாட்டை மறக்காத அரசியின் இந்தப் பாசம், ரஷ்யா மீது ஐயம் வளர்ந்த காலத்தில் ஏதென்ஸ் பத்திரிகைகளின் கண்டனத்துக்கு ஆளானது.

மருத்துவமனையும் 1897 போரும்

அரசியலில் ஓல்கா தலையிடவில்லை. தன் முழு நேரத்தையும் அறப்பணிக்கே கொடுத்தார். 1880-களில் அவருடைய ஆதரவில் உருவான எவாங்கெலிஸ்மோஸ் மருத்துவமனை இன்றும் ஏதென்சின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. பயிற்சி பெற்ற பெண் செவிலியர் என்ற பிரிவே கிரேக்கத்தில் அங்கிருந்துதான் வளர்ந்தது. பிரேயசில் ரஷ்ய மாலுமிகளுக்கென ஒரு மருத்துவமனையையும் அவர் அமைத்தார்.

1897-இல் கிரீட் பிரச்சினையால் துருக்கியுடன் போர் மூண்டது. ஒரே மாதத்தில் கிரேக்கப் படை தோற்றது. அரசியும் மூத்த மருமகள் சோஃபியாவும் காயமடைந்த வீரர்களுக்குப் பணிவிடை செய்தனர். அந்தச் சேவைக்காக விக்டோரியா மகாராணி இருவருக்கும் ‘ராயல் ரெட் கிராஸ்’ விருதை வழங்கினார். ஆனால் தோல்வியின் பழி அரச குடும்பத்தின் மீதே விழுந்தது. 1898 பிப்ரவரியில் மகள் மரியாவுடன் வண்டியில் சென்ற மன்னரை இருவர் சுட்டனர். குண்டுகள் குறி தவறின.

ரஷ்யாவுடன் தொடர்ந்த மண உறவுகள்

1894-இல் ஜார் ஆன இரண்டாம் நிக்கலாசுக்கு ஓல்கா இரு வழியிலும் அத்தை முறை: தந்தை மூன்றாம் அலெக்சாண்டரின் சிற்றப்பன் மகள், தாய்மாமன் ஜார்ஜின் மனைவி. உறவு அந்தத் தலைமுறையோடு நின்றுவிடவில்லை. 1889-இல் மகள் அலெக்சாந்திரா, மூன்றாம் அலெக்சாண்டரின் தம்பி கிராண்ட் டியூக் பாவெலை மணந்தார். 1900-இல் மரியா, கிராண்ட் டியூக் ஜார்ஜ் மிகைலோவிச்சை மணந்தார். 1902-இல் மகன் நிக்கலாஸ், கிராண்ட் டச்சஸ் எலேனா விளாதிமிரோவ்னாவை மணந்தார்.

இரண்டாவது மகன் ஜார்ஜ், 1890–91-இல் அன்றைய பட்டத்து இளவரசர் நிக்கலாசுடன் இந்தியா, இலங்கை வழியாகக் கிழக்கு நாடுகளைச் சுற்றி வந்தார். 1891 மே 11 அன்று ஜப்பானின் ஓட்சு நகரில் காவலர் ஒருவர் வாளால் நிக்கலாசின் தலையில் வெட்டினார். மீண்டும் ஓங்கியபோது, கைத்தடியால் அடித்துத் தடுத்தவர்களில் ஜார்ஜும் ஒருவர்.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு செய்தி வந்தது. இரண்டாவது குழந்தையைக் குறைமாதத்தில் பெற்ற அலெக்சாந்திரா, மாஸ்கோவுக்கு அருகே இல்யின்ஸ்கொயேயில் 21-ஆம் வயதில் இறந்தார். தாயற்ற குழந்தைகள் மரியாவும் திமித்ரியும் ரஷ்யாவிலேயே வளர்ந்தனர். 1916 டிசம்பரில் ரஸ்புதின் கொலையில் பங்கெடுத்த திமித்ரி பாவ்லோவிச், ஓல்காவின் இந்தப் பேரன்தான்.

பிறந்த வீட்டிலும் கவலைகள் இருந்தன. அண்ணன் நிக்கலாஸ், 1874-இல் தாயின் திருவுருவப் படத்திலிருந்த வைரங்களைத் திருடிய குற்றச்சாட்டில் மனநோயாளி என்று அறிவிக்கப்பட்டுத் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டார். கடைசியில் தாஷ்கண்டில் குடியேறிய அவர் அங்கே பாசனக் கால்வாய்கள் வெட்டினார். தங்கை வேராவைச் சிறுவயதிலேயே வூர்ட்டம்பர்க் அரசியான அத்தை தத்தெடுத்திருந்தார். தம்பி கான்ஸ்தந்தீன், கே.ஆர். என்ற புனைபெயரில் கவிதைகள் எழுதிப் புகழ்பெற்றார். தந்தையோ 1881-இல் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பின் பதவிகளை இழந்து 1892-இல் காலமானார்.

நற்செய்திக் கலவரம்

ஓல்காவின் வாழ்வில் மிகப் பெரிய பொதுச் சர்ச்சை, விவிலிய மொழிபெயர்ப்பால் எழுந்தது. 1897 போரின்போது மருத்துவமனையில் படுத்திருந்த வீரர்களுக்கு நற்செய்தி நூல்களைக் கொடுத்த அரசி, அவர்களால் அந்தப் பழங்கிரேக்க நடையைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று கண்டார். பேச்சு வழக்குக்கு நெருங்கிய கிரேக்கத்தில் நற்செய்திகளை எழுதித் தரும்படி தன் செயலர் யூலியா சோமாக்கியைக் கேட்டுக்கொண்டார். திருச்சபையின் புனித ஆயர் மன்றம் அனுமதி மறுத்தது. ஏதென்ஸ் பேராயர் புரோகோபியோசின் இசைவைப் பெற்று, 1901-இன் தொடக்கத்தில் ஆயிரம் பிரதிகள் அச்சாயின. மூலமும் பெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன.

அந்தப் பதிப்பு பெரிய எதிர்ப்பைக் கிளப்பவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ‘அக்ரோபோலிஸ்’ நாளேடு, அலெக்சாந்திரோஸ் பாலிசின் மொழிபெயர்ப்பைத் தொடராக வெளியிடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. பம்பாயிலும் லிவர்பூலிலும் வணிகம் செய்த பாலிஸ், முழுக்க மக்கள் பேச்சு மொழியை ஆதரித்தவர். புனித நூலைக் கொச்சைப்படுத்துகிறார்கள் என்று பல்கலைக்கழக மாணவர்கள் கொதித்தனர். பல்கேரியர்களோடு மாசிதோனியாவுக்குப் போட்டி நடந்த காலம் அது. கிரேக்கத்தின் பழம்பெருமையைக் குலைத்து ஸ்லாவியருக்கு வழிவிடும் ரஷ்யச் சதி இது என்ற பேச்சு பரவியது. அரசியின் பிறப்பு அந்த ஐயத்துக்குத் தீனி போட்டது.

1901 நவம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் கூட்டத்துக்கும் படையினருக்கும் நடந்த மோதலில் எட்டுப் பேர் இறந்தனர். பேராயர் பதவி விலகினார். பிரதமர் தெயோடோக்கிசின் அரசும் விலகியது. அரசியின் மொழிபெயர்ப்பு புழக்கத்திலிருந்து அகற்றப்பட்டது. 1911-இன் அரசியல் சட்டத் திருத்தம், திருச்சபையின் அனுமதியின்றி விவிலியத்தை மொழிபெயர்ப்பதைத் தடை செய்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் நாட்டில் வாழ்ந்து கிரேக்கம் பேசிய அரசியை, நெருக்கடி வந்ததும் ‘ரஷ்யப் பெண்’ என்றே மக்கள் பார்த்தனர்.

மன்னர் படுகொலை

1912-இல் தொடங்கிய பால்கன் போரில் கிரேக்கப் படை, பட்டத்து இளவரசர் கான்ஸ்தந்தீனின் தலைமையில் தெசலோனிக்கியைப் பிடித்தது. புதிதாகக் கிடைத்த நகரில் தங்கியிருந்த ஜார்ஜ் மன்னர், 1913-ஓடு ஐம்பதாண்டு ஆட்சி நிறைவடைவதையொட்டி மகனிடம் முடியை ஒப்படைக்க எண்ணியிருந்தார். 1913 மார்ச் 18 அன்று மாலை, குறைந்த காவலுடன் வழக்கம்போல் நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் அலெக்சாந்திரோஸ் ஸ்கீனாஸ் என்பவன் பின்னாலிருந்து சுட்டான். மன்னர் உடனே இறந்தார். தாத்தோயில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கைதான கொலையாளி சில வாரங்களில் காவல் கட்டடத்தின் சன்னலிலிருந்து விழுந்து இறந்தான்.

கான்ஸ்தந்தீன் மன்னரானார், மருமகள் சோஃபியா அரசியானார். கணவரை இழந்த ஓல்கா பிறந்த வீடான பாவ்லொவ்ஸ்க் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு உலகப் போர் தொடங்கியபோது அவர் ரஷ்யாவில்தான் இருந்தார்.

போரும் புரட்சியும்

பாவ்லொவ்ஸ்க் அரண்மனையில் ஓல்கா ராணுவ மருத்துவமனை ஒன்றை நிறுவி, தன் அறுபதுகளில் மீண்டும் செவிலியாக உழைத்தார். போர் அவருடைய குடும்பத்தையும் தொட்டது. தம்பி கான்ஸ்தந்தீனின் மகன் ஓலெக் 1914 அக்டோபரில் போர்க்களக் காயத்தால் இறந்தார். மகனை இழந்த தம்பியும் 1915 ஜூனில் பாவ்லொவ்ஸ்கில் உயிர்விட்டார். புரட்சிக்கு முன் பீட்டர்–பால் கோட்டையில் பேரரச மரியாதைகளோடு அடக்கமான கடைசி ரொமானோவ் அவர்தான்.

1917 ஓல்காவின் இரு வீடுகளையும் ஒருசேரக் குலைத்தது. மார்ச்சில் இரண்டாம் நிக்கலாஸ் முடி துறந்தார். ஜூனில், நேசநாடுகளின் நெருக்குதலால் கான்ஸ்தந்தீன் மன்னர் நாட்டைவிட்டு வெளியேறிச் சுவிட்சர்லாந்து சென்றார். அவருடைய இரண்டாவது மகன் அலெக்சாண்டர், பிரதமர் வெனிசெலோசின் கட்டுப்பாட்டில் இருந்த பெயரளவு மன்னரானார். அக்டோபர் புரட்சிக்குப் பின் போல்ஷெவிக்குகள் ஓல்கா இருந்த அரண்மனையைச் சோதனையிட்டனர். அவருக்குத் தீங்கு நேரவில்லை. உணவுக்கே தட்டுப்பாடு வந்தது. டென்மார்க் அரச குலத்தின் மருமகள் என்ற உரிமையில், டென்மார்க் தூதரகம் அவரை ரஷ்யாவிலிருந்து வெளியேற்றியது. அவர் சுவிட்சர்லாந்தில் மகனிடம் சேர்ந்தார்.

உறவினர் பலருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1918-இன் தொடக்கத்தில் அண்ணன் நிக்கலாஸ் தாஷ்கண்டில் நோயால் இறந்தார். ஜூலை 17 அன்று யெகாத்தெரின்பர்க்கில் ஜாரும் குடும்பமும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவில் அலப்பாயெவ்ஸ்கில் சுரங்கக் குழிக்குள் தள்ளிக் கொல்லப்பட்டவர்களில் தம்பி கான்ஸ்தந்தீனின் மகன்கள் யொவான், கான்ஸ்தந்தீன், ஈகர் மூவரும் அடங்குவர். 1919 ஜனவரி இறுதியில் பெட்ரோகிராடின் பீட்டர்–பால் கோட்டையில் நான்கு கிராண்ட் டியூக்குகள் சுடப்பட்டனர். அவர்களில் மூவர் ஓல்காவின் நெருங்கிய உறவினர்: தம்பி திமித்ரி, மூத்த மருமகன் பாவெல், இளைய மருமகன் ஜார்ஜ் மிகைலோவிச். போர் தொடங்கியபோது மகள்களுடன் இங்கிலாந்தில் இருந்ததால் மரியா உயிர் தப்பினார்.

ஒரு மாத ஆட்சிப் பொறுப்பு

1920 அக்டோபர் 2 அன்று தாத்தோய் தோட்டத்தில் அலெக்சாண்டர் மன்னரைக் குரங்கு கடித்தது. புண் சீழ் பிடித்து உடலெங்கும் நஞ்சு பரவியது. தாய் சோஃபியாவை நாட்டுக்குள் விட வெனிசெலோஸ் அரசு மறுத்தது. பாட்டி ஓல்காவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. கடல் கொந்தளிப்பால் கப்பல் தாமதமானது. அக்டோபர் 25 அன்று பேரன் இறந்து பல மணி நேரம் கழித்தே அவரால் ஏதென்ஸ் சேர முடிந்தது. இறுதிச் சடங்கில் குடும்பத்தின் சார்பில் அவர் ஒருவர்தான் நின்றார்.

நவம்பர் 14 தேர்தலில் வெனிசெலோஸ் தோற்றார். அரசப் பிரதிநிதியாக இருந்த அட்மிரல் குந்துரியோத்திஸ் விலகினார். நாட்டில் இருந்த ஒரே அரச குடும்ப உறுப்பினர் என்பதால் நவம்பர் 17 அன்று ஓல்காவே ஆட்சிப் பொறுப்பேற்றார். டிசம்பர் 5-இல் நடந்த பொதுவாக்கெடுப்பு கான்ஸ்தந்தீனைத் திரும்ப அழைத்தது. டிசம்பர் 19 அன்று மகன் ஏதென்ஸ் வந்ததும் 69 வயது தாய் பொறுப்பை ஒப்படைத்தார். அரை நூற்றாண்டுக்கு முன் வந்த அரசியின் கையில் அரச அதிகாரம் இருந்தது அந்த ஒரு மாதம்தான்.

மீண்டும் நாடுகடத்தல்

திரும்பி வந்த ஆட்சியும் நிலைக்கவில்லை. 1922-இல் ஆசியா மைனரில் கிரேக்கப் படை துருக்கியரிடம் படுதோல்வி அடைந்தது. ராணுவப் புரட்சியால் முடி துறந்த கான்ஸ்தந்தீன், 1923 ஜனவரி 11 அன்று இத்தாலியின் பலெர்மோவில் இறந்தார். படைத்தளபதிகளில் ஒருவராக இருந்த ஆண்ட்ரூ ராணுவ நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்று நாடுகடத்தப்பட்டார். பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவர் குடும்பத்தை ஏற்றிச் சென்றபோது, கைக்குழந்தை பிலிப்புக்கு ஆரஞ்சுப் பழப்பெட்டி தொட்டிலானது. 1924 மார்ச் 25 அன்று கிரேக்கம் குடியரசானது.

ஓல்கா கடைசி ஆண்டுகளைப் பிரிட்டனிலும் பிரான்சிலும் இத்தாலியிலுமாகக் கழித்தார். ரோமில் இளைய மகன் கிறிஸ்டோபரின் ஆதரவில் இருந்தபோது 1926 ஜூன் 18 அன்று 74-ஆம் வயதில் காலமானார். கிரேக்கம் அவர் உடலை ஏற்கும் நிலையில் இல்லை. ஃபுளோரன்ஸ் நகரின் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில், மகன் கான்ஸ்தந்தீனின் பேழைக்கு அருகே அவருடைய பேழையும் வைக்கப்பட்டது. 1935-இல் மன்னராட்சி மீண்டும் வந்தது. அடுத்த ஆண்டு இருவரின் உடல்களும் சோஃபியாவின் உடலும் தாத்தோய்க்குக் கொண்டுவரப்பட்டன. பீட்டர்–பால் கோட்டையில் கிடந்த மகள் அலெக்சாந்திராவின் உடலையும், கிரேக்க அரசின் வேண்டுகோளை ஏற்று சோவியத் அரசு அனுப்பியது. 1939-இல் அவரும் தாத்தோயில் அடக்கம் செய்யப்பட்டார்.

கான்ஸ்தந்தீனின் மூன்று மகன்களும், அதாவது இரண்டாம் ஜார்ஜ், அலெக்சாண்டர், பால் ஆகியோர், கிரேக்கத்தை ஆண்டனர். 1974-இல் மக்கள் வாக்கெடுப்பில் அங்கே மன்னராட்சி முடிந்தது. ஓல்காவின் வழித்தோன்றல்கள் வேறு நாடுகளில் அரியணை ஏறினர். ருமேனியாவின் கடைசி மன்னர் மிகாய், கான்ஸ்தந்தீனின் மகள் வழிப் பேரன். பாலின் மகள் சோஃபியா ஸ்பெயினின் அரசியானார். இன்றைய ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பே அவருடைய மகன். ஆரஞ்சுப் பெட்டியில் கப்பலேறிய பிலிப், 1947-இல் பிரிட்டனின் இளவரசி எலிசபெத்தை மணந்தார். அவர்களின் மகன் மூன்றாம் சார்ல்ஸ் மன்னருக்கு ஓல்கா கொள்ளுப்பாட்டி.

(தொடரும்)